செங்கேணியம்மாளுக்கு ஒரு கட்டம்

ஒரு சதுரத்தின் நான்கு சுவர்களுக்கு நடுவே சரிக்குறி எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதைப் பற்றிக் கட்டம் சாரைப்போல் கவலைப்பட்ட மனிதர் இன்னொருவர் இந்தப் பூமியில் பிறக்கவில்லை. பிறந்திருந்தால் அந்த இருவரும் முதல் சந்திப்பிலேயே சண்டையிட்டுப் பிரிந்திருப்பார்கள்.

கடல் ஊருக்குள் வந்துபோன மறு ஆண்டு அது. மரக்காணத்தில் உப்பளங்களை ஒட்டியிருந்த குடிசைகளுக்குப் புதுக்கூரை போட்டுத்தர ஒரு தொண்டு நிறுவனம் முன்வந்து, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்தது. அங்கே நாங்கள் மூவர். மேலாளரான அம்மையார் புதுச்சேரியிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வருவார். எங்களுக்கு அவர் மேடம். விண்ணப்பப் படிவத்தின் தமிழ் என் பொறுப்பு. அந்தத் தமிழைக் கணினித் திரையிலேயே நிரப்பத்தக்க பி.டி.எஃப். படிவமாக ஆக்கித்தருவது கட்டம் சாரின் பொறுப்பு. அவருடைய இயற்பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. நான் அதை ஒருமுறை படித்தேன், மறந்துவிட்டேன்.

வேலை எளிது. குடிசைக்காரர்கள் எதிரே உட்கார்ந்து விடை சொல்வார்கள். மின் இணைப்பு உண்டா, கழிப்பறை உண்டா, கணவர் உடன் இருக்கிறாரா என்று நாங்கள் கேட்டுக் கேட்டுத் திரையிலுள்ள கட்டங்களைச் சொடுக்குவோம். சொடுக்கிய கட்டத்துக்குள் ஒரு சரிக்குறி விழும். நிரப்பிய படிவங்கள் குறுந்தகட்டில் ஏறிச் சென்னைத் தலைமை அலுவலகத்துக்குப் போகும். அங்கே அவற்றை அச்சிட்டு, அச்சைப் பார்த்து ஒரு குழு யாருக்குக் கூரை என்று முடிவு செய்யும். முகத்தை யாரும் பார்ப்பதில்லை. அச்சில் என்ன வருகிறதோ அதுவே ஆள்.

கட்டம் சாருக்கு நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட வயது. எந்த ஊர் என்று கேட்டால் "அந்தப் பக்கம்" என்று சன்னலைக் காட்டுவார். சன்னலுக்கு வெளியே உப்பளமும் அதற்கப்பால் கடலுமே இருந்தன. அவருக்குக் கடிதம் வந்ததில்லை. கைப்பேசி ஒன்று வைத்திருந்தார், அது ஒலித்ததில்லை. பழுதாகிவிட்டதோ என்று சோதிப்பதற்காக அலுவலகத் தொலைபேசியிலிருந்து தாமே அதற்கு அழைப்பார். அது ஒலிக்கும். எடுத்துக் காதில் வைத்து "அலோ" என்பார். சற்று நேரம் கேட்டுவிட்டு வைப்பார். பிறகு எங்களைப் பார்த்து, "நல்லாத்தான் இருக்குது" என்று அறிவிப்பார்.

மற்றபடி அவருடைய உறவும் சுற்றமும் கட்டங்களே. கட்டங்களுக்குள் சம இடைவெளி, கோட்டுக்கு ஒரே தடிமன், குறிக்கு ஒரே சாய்வு என்று அவற்றைப் பெற்று வளர்த்தார். படிவத்தின் முதல் பக்கத்தை முடிக்கவே மேடத்தின் பொறுமை முழுவதும் செலவாகிவிட்டது.

"இன்னா சார், இன்னும் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கினு இருக்கீங்க? பாரம் எப்பதான் ரெடியாகும்?"

"மேடம், டிக்கோட வாலு செவுத்துல இடிக்குதுங்க."

"இடிச்சா அதுக்கு வலிக்குதா?"

"அதுக்கு வலிக்காதுங்க. பார்க்கறவங்களுக்கு வலிக்கும்."

"நானும்தான் பார்க்கறேன். எனக்கு வலிக்கலையே."

"நீங்க பார்க்கலைங்க மேடம்."

மேடம் அன்று தண்ணீர் குடிக்கக் கீழே போனவர் நெடுநேரம் மேலே வரவில்லை.

கட்டம் சாரின் புகழ் வேறு உருவில் வெளியூர்களுக்கும் பரவியது. ஒரு காலை, கிளியனூரிலிருந்து பெரியவர் ஒருவர் மகளின் சாதகத்தை மஞ்சள் பையில் சுற்றிக்கொண்டு படியேறி வந்து, "கட்டம் பார்க்கறவரு இங்கதான இருக்காரு?" என்று கேட்டார். நான் விளக்குவதற்குள் கட்டம் சார் தாளை வாங்கி விரித்துவிட்டார். அவர் பார்வை பன்னிரண்டு வீடுகளின் மேலும் நகர்ந்தது. முகம் இருண்டது.

"இது யாருங்க போட்டது?"

"எங்க ஊரு ஐயருதான். ஏன் சாமி, எதுனா கோளாறா?"

"மூணாவது வீடு குறுகிப்போயிருக்குதுங்க. ஏழாவது வீட்ல ஒரு மூலை சேரவே இல்ல, திறந்துகிடக்குது."

ஏழாம் வீடு திருமணத்துக்கு உரியது என்பது பெரியவருக்குத் தெரியும். கட்டம் சாருக்குத் தெரியாது. பெரியவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "அதான் ஒண்ணும் அமைய மாட்டேங்குது. பரிகாரம் இருக்குதுங்களா?" என்றார்.

"இருக்குதுங்க. ஸ்கேல் வெச்சு வரையணும்."

வரைந்தும் கொடுத்தார். வெள்ளைத்தாளில், கருப்பு மையில், ஒரு மயிரிழையும் பிசகாத பன்னிரண்டு வீடுகள். அந்த ஆவணியிலேயே பெண்ணுக்குத் திருமணம் முடிந்தது. அதற்குப் பிறகு இரும்பை, பெரிய முதலியார்சாவடி என்று பல திசைகளிலிருந்தும் மஞ்சள் பைகள் வரத் தொடங்கவே, மேடம் மாடிப்படியில் 'இங்கே சாதகம் பார்ப்பதில்லை' என்று எழுதி ஒட்டச் சொன்னார். எழுதியது நான். அந்த அறிவிப்பைச் சுற்றிக் கட்டம் போட்டவர் யாரென்று சொல்லத் தேவையில்லை.

இப்படியாகப் படிவம் முடிந்து, முதல் குறுந்தகடு சென்னைக்குப் போயிற்று. சில நாள் கழித்துத் தலைமை அலுவலகத்து அதிகாரி ஒருவர் தொலைபேசியில் வந்தார். அவருடைய குரல் எப்போதுமே அறை முழுவதற்கும் கேட்கும் குரல்.

"மேடம், உங்க ஊர்ல ஒரு குடும்பத்துக்கு நாலு கழிப்பறையா இருக்கு?"

"ஒண்ணு இருக்கறதே பெரிசு சார்."

"இங்க நாலுன்னு போட்டிருக்கே. மின் இணைப்பு நாலு. ரேஷன் கார்டு நாலு. ஒரு அம்மாவுக்குக் கணவர் நாலு."

"எந்த அம்மாவுக்கு சார்?"

"எல்லா அம்மாவுக்கும்."

மேடம் தொலைபேசியை வைத்துவிட்டுக் கட்டம் சாரைத் திரும்பிப் பார்த்தார். கட்டம் சாரின் முகத்தில் வெட்கம் இல்லை, அச்சமும் இல்லை. நெடுநாளாகச் சந்தேகித்துவந்த ஒருவனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட நிறைவே இருந்தது.

"அது டிக்கே இல்லைங்க மேடம். அது நாலுதான்."

பிறகு அவர் விளக்கினார். கட்டத்துக்குள் நாம் காணும் சரிக்குறி ஒரு படம் அன்று. உள்ளே உட்கார்ந்திருப்பது நான்கு என்னும் எண். சின்னங்களுக்கென்றே உள்ள ஓர் எழுத்துருவை அணிவித்தால் அந்த நான்கு சரிக்குறியாகத் தோன்றும். நம் கணினியில் அந்த எழுத்துரு இருக்கிறது. சென்னைக் கணினியில் இல்லை. "கூத்துல ராத்திரி பூரா ராஜாவா நின்னவரை, காலையில டீக்கடையில பார்க்கறோம் இல்லைங்களா? அந்த மாதிரி. அங்க வேஷம் கட்டிவிட ஆளில்ல."

"அப்ப டிக்கை எடுத்துட்டு இன்ட்டு மார்க் வெச்சிடுங்களேன்" என்றார் மேடம்.

"வெக்கலாங்க. உள்ள இருக்கறது எட்டு. வீட்டுக்கு எட்டு கழிப்பறை ஆயிடும்."

வேடமே வேண்டாம் என்று முடிவாயிற்று. எழுத்துருவை நம்பாமல், கோடுகளால் தாமே ஒரு சரிக்குறியை வரைந்து, அதையே கட்டத்தின் தோற்றமாகப் பொருத்தினால் எந்த ஊர்க் கணினியிலும் அது சரிக்குறியாகவே நிற்கும் என்றார் கட்டம் சார். வேறொருவராக இருந்தால் கால் மணி நேரத்தில் வரைந்திருப்பார். இவர் ஒரு தாளை எடுத்துக்கொண்டு ஊருக்குள் புறப்பட்டார். கண்ணில் பட்டவரையெல்லாம் நிறுத்தி, "ஒரு டிக் போடுங்க" என்று நீட்டினார். தேநீர்க்கடைக்காரர் பழைய பாக்கியை ஒப்புக்கொள்ளச் சொல்கிறார்கள் என்று நினைத்து மறுத்தார். திண்டிவனம் பேருந்தின் நடத்துநர் ஓடும் வண்டியில் தொங்கியபடி ஒன்று போட்டுக் கொடுத்தார். அது மின்னல் வெட்டியது போல் இருந்தது. பள்ளி ஆசிரியர் போட்டதற்கு வால் தாளைத் தாண்டிவிட்டது.

"ஏம்பா, எதுக்கு இத்தினி டிக்கு?" என்று ஒருவர் கேட்டதற்கு, "யாரு போட்ட மாதிரியும் இல்லாம, எல்லாரும் போட்ட மாதிரி ஒண்ணு வேணுங்க" என்று பதில் சொன்னாராம்.

வரைந்தார். சென்னையில் அது சரிக்குறியாகவே அச்சாயிற்று. மேடம் அனைவருக்கும் போண்டா வாங்கிவரச் செய்தார். கட்டம் சார் தம் போண்டாவை ஆறவிட்டு, திரையிலிருந்த குறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இவ்வளவும் செங்கேணியம்மாளின் விண்ணப்பம் திரும்பிவரும்வரைதான்.

செங்கேணியம்மாள் உப்பு வாரும் கூலித் தொழிலாளி. உப்பளத்தின் கடைசி வரப்பை ஒட்டி அவருடைய குடிசை. கடல் வந்துபோன நாளிலிருந்து அதற்குக் கூரை என்று இருந்தது ஒரு தார்ப்பாய். அதிலும் பாதி காற்றோடு போய்விட்டது. அவருடைய படிவத்தின் மேல் சென்னையில் சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள்: 'குடும்ப விவரம் நிரப்பப்படவில்லை. ஏற்க இயலாது.' குடும்ப விவரம் என்ற தலைப்பின் கீழே கணவர், மகன், மகள், பெற்றோர் என்று கட்டங்கள். எல்லாம் காலி. ஐப்பசி மழைக்கு முன்பாக இன்னும் ஒரே ஒரு குறுந்தகடுதான் ஏற்கப்படும். அதற்குள் சரிசெய்து அனுப்பினால் கூரை, இல்லையென்றால் அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

மேடம் அவரை வரவழைத்தார்.

"எம்மா, உங்ககூட யாரு இருக்காங்க?"

"காக்கா வரும்."

"மனுசங்க யாருமா?"

"அவரு போய்ச் சேர்ந்துட்டாரு. புள்ள மெட்ராசுக்குப் போனான். போனவன் போனவன்தான். நான் ஒண்டிதான்."

மேடம் தயங்கிவிட்டு, "அப்ப மகன்னு டிக் பண்ணிடட்டுமா? மகன் இருக்கான்தானே? வேலை சுலபமா முடிஞ்சிடும்" என்றார்.

செங்கேணியம்மாள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "வராத புள்ளையக் கூட இருக்கறான்னு எப்பிடிம்மா சொல்றது? நாளைக்கு எவனாச்சும் வந்து, எங்க உம் புள்ளைன்னு கேட்டா, நான் எங்கன்னு போய்த் தேடுவேன்?"

அவர் கீழே இறங்கிப் போனபின், மேடம் தமக்குள் சொல்வதுபோல், "எதுலயும் டிக் இல்லைன்னா யாருமில்லைன்னுதானே அர்த்தம். இதுகூடவா அவங்களுக்குப் புரியாது?" என்றார்.

"இல்லைங்க மேடம்" என்றார் கட்டம் சார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "காலிக் கட்டம், இல்லைன்னும் சொல்லும், கேக்கவே இல்லைன்னும் சொல்லும். எதுன்னு வெளியில இருந்து பார்க்கறவங்களுக்குத் தெரியாது. ஒண்டியா இருக்கறதுக்குன்னு ஒரு கட்டம் வேணுங்க."

படிவத்தில் கட்டம் கூட்ட வேண்டும் என்று அவர் கேட்டதை மேடம் மறுக்காமல் ஏற்றுக்கொண்ட முதல் நாள் அதுதான். 'தனித்து வாழ்பவர்' என்று நான் எழுதிக் கொடுத்தேன். கட்டம் சார் புதிதாக ஒரு கட்டத்தை அருகே பொருத்தினார். சொடுக்கினார். அழகிய சரிக்குறி, நான்கு சுவரிலும் படாமல், நடுவே வந்து உட்கார்ந்தது. அச்சிட்டார். தாளில் ஒன்றும் இல்லை.

மறுபடி அச்சிட்டார். ஒன்றும் இல்லை. திரையில் இருக்கிறது, தாளில் இல்லை.

அடுத்து வந்த நாட்களில் கட்டம் சார் அந்தக் குறியோடு நடத்திய போரை முழுமையாக எழுத இந்த இதழின் பக்கங்கள் போதா. குறியைத் தடிப்பாக்கினார். கறுப்பை நீலமாக்கினார். சரிக்குறியை எடுத்துவிட்டுப் புள்ளி வைத்தார். புள்ளியும் வரவில்லை. அச்சுப்பொறியின் மேல் ஐயம் விழுந்தது. உப்புக்காற்றில் அது துருப்பிடித்திருக்கும் என்று பிரித்துப்போட்டுத் துணியால் துடைத்துச் சேர்த்தார். சேர்த்தபின் அது மற்ற எல்லாவற்றையும் முன்னைவிட அழகாக அச்சிட்டது. மின்சாரம் குறைவாக வருகிறது என்றார். மை புளித்துவிட்டது என்றார். பக்கத்து மேசையில் இருந்த என்னை ஒரு நாள் நெடுநேரம் ஐயத்தோடு பார்த்தார்.

"அச்செடுத்து, பேனாவால போட்டு, தபால்ல அனுப்பிடலாமா சார்?" என்று நான் கேட்டேன்.

"கையால திருத்தினது செல்லாதுன்னு முதல் பக்கத்துலயே இருக்குதுங்க. நீங்கதான் எழுதினீங்க."

செங்கேணியம்மாள் வேலை முடிந்து போகும் வழியில் உப்புப் படிந்த கால்களோடு மாடிப்படியில் ஏறிவந்து நிற்பார்.

"வந்துச்சா சாரே?"

"வருதும்மா. திரையில நல்லா வருது."

"தெரையில வந்தா ஊட்டுல தண்ணி ஒழுவாதா?"

கட்டம் சார் அச்சுப்பொறியில் இன்னொரு தாளைச் செருகினார். வானம் தென்கிழக்கில் கறுக்கத் தொடங்கியிருந்தது. குறுந்தகடு மறுநாள் புறப்பட வேண்டும்.

அன்று பிற்பகல் மேசையெங்கும் அச்சிட்ட தாள்கள் குவிந்து கிடந்தன. கட்டம் சார் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து, குறி மங்கலாகவேனும் தெரிகிறதா என்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். தேநீர்க் குவளையோடு கடந்து சென்ற மேடம், அவர் தோளுக்கு மேலாகத் தாளைப் பார்த்து நின்றார்.

"டிக்கை விடுங்க சார். கட்டம் எங்க?"

'தனித்து வாழ்பவர்' என்னும் சொற்களுக்கு அருகே குறி இல்லை என்பது மட்டுமன்று. குறி விழவேண்டிய கட்டமும் இல்லை. வெறும் வெள்ளை. அத்தனை நாளும் அத்தனை தாளிலும் அப்படித்தான் இருந்திருக்கிறது. குறியின் மேல் வைத்த கண்ணால் கட்டம் காணாமற்போனதை அவர் பார்க்கவில்லை. பார்க்காதவர், வேறு யாரும் அல்லர், கட்டம் சார்.

அவர் தாளைக் கீழே வைத்தார். அந்தக் கட்டத்தின் குணங்களைத் திரையில் திறந்தார். அங்கே ஒரு வரி: திரையில் தெரியும், அச்சில் வராது.

"இதை யாரு சார் இப்படி வெச்சது?" என்று மேடம் கேட்டார்.

"நான்தாங்க."

"ஏன்?"

ஒவ்வொரு படிவத்தின் அடியிலும் வலது மூலையில் அவர் தமக்கென்று ஒரு சிறு கட்டம் வைத்திருந்தாராம். படிவம் நிரம்பியதும், எல்லாம் சரியாக இருக்கிறது என்று தாமே பார்த்து, அதில் ஒரு குறி போட்டுக்கொள்வாராம். தலைமை அலுவலகத்தில் யாரும் அதைக் கேள்வி கேட்கக்கூடாது என்று, திரையில் மட்டும் தெரியும்படி அமைத்திருந்தார். அவர் வரைந்த கட்டங்களிலெல்லாம் சிறந்த கட்டம் அதுதான். செங்கேணியம்மாளுக்கு ஒரு கட்டம் வேண்டியபோது, இருப்பதில் சிறந்ததைக் கொடுக்கலாம் என்று அதையே படியெடுத்துவிட்டார். அதன் குணமும் கூடவே வந்துவிட்டது.

"நான் பார்க்கறதுக்கு மட்டும் வெச்சதுங்க" என்றார்.

மேடம் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் தேநீர்க் குவளையைக் கட்டம் சாருக்கு முன்னால் வைத்து, "ஆறிடப்போவுது, குடிங்க. அப்புறம் மாத்துங்க" என்று மட்டும் சொன்னார்.

மாற்றுவதற்கு ஒரு சொடுக்குப் போதுமாக இருந்தது. அச்சுப்பொறி முனகிக்கொண்டே தாளைத் தள்ளியது. கட்டம் வந்தது; கட்டத்துக்குள் குறி வந்தது. கட்டம் சார் அளவுகோலை எடுத்து நான்கு பக்கமும் அளந்து பார்த்தபின்புதான் தாளை மேடத்திடம் கொடுத்தார்.

குறுந்தகடு போயிற்று, பட்டியல் வந்தது. செங்கேணியம்மாளின் பெயர் அதில் இருந்தது. கம்பமும் தகடும் வந்து, ஆட்கள் இரண்டே நாளில் கூரையை ஏற்றிவிட்டுப் போனார்கள். அதன் பின் மழை பிடித்தது. பிடித்த மழை விட்டதும், ஒழுகுகிறதா என்று பார்த்துவர வேண்டும் என்றார் கட்டம் சார். அது எங்கள் வேலை அன்று; ஆனாலும் என் மொபெட்டின் பின்னால் உட்கார்ந்துகொண்டார். பாத்திகளெல்லாம் மழைநீர் நிறைந்து, வானம் தரையில் கிடப்பதுபோல் இருந்தது. ஆள் நடமாட்டமே இல்லை.

குடிசைக்குள் நுழைந்ததும் தகடுகள் சேரும் இடங்களை ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்தார்.

"இன்னா சாரே, அங்கயும் டிக்கு தேடறியா?" என்றார் செங்கேணியம்மாள். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது.

"ஒழுவுதாம்மா?"

"ஒரு சொட்டு இல்ல. உக்காரு. சோறு எங்க துன்ற?"

"மெஸ்லங்க."

"யாரு கூட?"

கட்டம் சார் அடுப்புக்கு எதிரே உட்கார்ந்தார். "யாருமில்லைங்க. ஒண்டிதான்."

"நானும் ஒண்டிதான். ஒருத்திக்கு ஒல வெக்கறதும் ரெண்டு பேருக்கு வெக்கறதும் அதே வேலதான். மத்தியானத்துல இங்க வந்து துன்னுட்டுப் போ."

நான் வாசலில் மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு நின்றிருந்தேன். அவரை யாரும் சோற்றுக்கு அழைத்து நான் அதுவரை கேட்டதில்லை. அவர் எழுந்து நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இன்னைக்கு மட்டுங்களா, தெனமுங்களா?"

"வர்றியா இல்லியா, அத்தச் சொல்லு."

"வர்றேங்க. ஆனா ரெண்டுல எதுன்னு தெரிஞ்சாதான் மெஸ்ல சொல்லணுமா வேணாமான்னு..." என்று அவர் விளக்கத் தொடங்கினார்.

செங்கேணியம்மாள் தட்டைக் கழுவப் போனார். அவரும் விளக்கிக்கொண்டே பின்னால் போனார். நான் மொபெட்டை அணைத்து, நிறுத்துக்காலில் சாய்த்துவிட்டு, அவர் விளக்கி முடிக்கும்வரை அங்கேயே நின்றேன்.